மழையில் நடந்த ஜேம்ஸ் டீன்

1930களில் ஹாலிவுட் நட்சத்திரங்களின் புகைப்படங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள்தான் எடுக்கப்பட்டன. கவனமாக அமைத்த விளக்கொளி, நெகட்டிவிலேயே சுருக்கம் நீக்கிய முகம். எந்தப் படம் பத்திரிகைக்குப் போகலாம் என்பதை ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவு முடிவு செய்யும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. கையடக்கக் கேமராவோடு புகைப்படக்காரர்கள் நட்சத்திரங்களின் வீட்டுக்கும் தெருவுக்கும் வந்தார்கள்.

1955ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் அமைப்பைச் சேர்ந்த டென்னிஸ் ஸ்டாக், ஜேம்ஸ் டீன் என்ற புதுமுக நடிகருடன் பயணம் போனார். டீன் வளர்ந்த ஊர், இந்தியானா மாநிலத்தின் ஃபேர்மவுன்ட். அங்கே பண்ணையில், பன்றிக்குப் பக்கத்தில் நிற்கும் டீனைப் படமெடுத்தார். எந்த ஸ்டூடியோ அதற்கு முன் இதை அனுமதித்திருக்கும்!

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் எடுத்த படம் இன்னும் புகழ்பெற்றது. மழை, ஈரத் தெரு, நீண்ட கோட்டு, வாயில் சிகரெட், தோள்களைக் குறுக்கியபடி தனியே நடந்து வரும் ஓர் இளைஞன். போருக்குப் பின் வளர்ந்த தலைமுறை அந்தத் தனிமையில் தன்னைக் கண்டுகொண்டது.

மார்ச் மாதம் லைஃப் இதழில் ஸ்டாக்கின் படங்கள் வெளிவந்தன. அதே மாதம் டீன் நடித்த ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ திரைக்கு வந்தது. செப்டம்பர் 30 அன்று கார் விபத்தில் டீன் இறந்தார். வயது 24. அவர் முக்கிய வேடமேற்ற மூன்று திரைப்படங்களில் இரண்டு அதன் பிறகே வெளியாயின. டீனின் புகழில் ஸ்டாக்கின் கேமராவுக்குப் பெரும் பங்கு உண்டு.