புதிய பூமி: நிஜ மண்ணா, உருவகமா?

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், 21ஆம் அதிகாரத்தில் புதிய வானமும் புதிய பூமியும் வரும் என்கிறது. அது நாம கால் வைக்கிற மண்ணா, இல்ல ஆன்மா போய்ச் சேருற நிலைக்கு ஒரு உருவகமா? இன்னைக்குக் கேள்வி இதுதான்.

பொழுதுபோகாதவங்க விவாதம்னு நினைச்சுடாதீங்க. கி.பி. 177, ரோமப் பேரரசின் கீழ் இருந்த லியோன் நகரம். இன்றைக்கு அது பிரான்சில் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். 90 வயதைத் தாண்டிய பிஷப் பொத்தினுஸ் சிறையிலேயே இறந்தார். கொல்லப்பட்டவர்களைப் புதைக்க விடவில்லை. உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். உடம்பே இல்லாமப் போனா எப்படி உயிர்த்தெழுவாங்க, பார்ப்போம்! அதுதான் கணக்கு.

பொத்தினுஸுக்குப் பிறகு பிஷப் ஆனவர் இரேனியுஸ். எந்தப் படைப்புக்குள் அவர்கள் பாடுபட்டார்களோ, அதே படைப்புக்குள்தான் பலனும் கிடைக்க வேண்டும், அதுதான் நியாயம் என்று எழுதினார். ஒவ்வொரு திராட்சைக் கொடியிலும் பத்தாயிரம் கிளை வரும்னு ஒரு பழைய வர்ணனையையும் எடுத்துச் சேர்க்கிறார். கொஞ்சம் ஓவர்தான். ஆனா அந்தச் சாம்பலை மனசுல வச்சுப் படிச்சா சிரிக்கத் தோணாது.

அடுத்த நூற்றாண்டில் எழுதிய அலெக்சாந்திரியாவின் ஒரிஜனுக்கு இது ஒத்துவரவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் விருந்து, மாளிகை, கல்யாணம்தானா? கடவுளை அறிவதுதானே நம்பிக்கை? சொகுசா உட்கார்ந்து யோசிச்சவர்னு இவரை ஒதுக்கவும் முடியாது. இவருடைய அப்பா விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர். இவரும் முதுமையில் சிறையில் சித்திரவதை அனுபவித்தவர்.

சரி, 21ஆம் அதிகாரத்துக்கே வருவோம். அங்கே வரும் நகரத்துக்கு நீளம், அகலம், உயரம் மூணும் 12,000 ஸ்தாதி. அதாவது சுமார் 2,200 கிலோமீட்டர் உயரம்! சர்வதேச விண்வெளி நிலையம் சுத்துறதே 400 கிலோமீட்டர் உயரத்துலதான். அதனால அளவுகள் உருவகம்னுதான் நான் எடுத்துக்கிறேன். ஆனால் அந்த நகரம் வானத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது. மனிதர்கள் மேலே ஏறிப் போவதில்லை. பூமியே வெறும் உருவகம் என்று சொல்பவர்களுக்கு இந்தத் திசை ஒரு சிக்கல்.

அப்போ பூமி எரிஞ்சு போயிடும்னு 2 பேதுரு 3:10 சொல்லுதேன்னு கேட்பீங்க. நமக்குப் பழக்கமான தமிழ் பைபிள் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் இருக்கிற கிரேக்க வினை வேறு: பூமி 'கண்டறியப்படும்'. முதல் பாடத்தில் பூமி காலி. இரண்டாவதில் நெருப்புக்குப் பிறகும் விசாரிக்க ஏதோ மிஞ்சுகிறது. பல அறிஞர்கள் இரண்டாவதுதான் பழையது என்கிறார்கள். அதுக்கு என்ன அர்த்தம்ங்கிறதுலதான் இன்னும் சண்டை.