நாய்க்குட்டியும் நாற்பது பக்க நோட்டும்

“நாய் விற்ற காசு குரைக்குமா?” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நாயை விற்ற காசு குரைக்காமல் இருக்கலாம். ஆனால் நாயை வளர்க்க வேண்டிய காசு மாதந்தோறும் வாசலில் வந்து நின்று குரைக்கும் என்பதை, இக்கல்வியாண்டில் ஒரு நாற்பது பக்க நோட்டின் உதவியால் நாங்கள் கற்றுக்கொண்டோம். நாய் வளர்க்க ஆசைப்படும் தோழியருக்கும், அந்த ஆசைக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறோம்.

ஜூலை மாதத்தில் எங்கள் பள்ளியின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தெருநாய் ஒன்று நான்கு குட்டிகளை ஈன்றது. அவற்றுள் இரண்டு ஆண், இரண்டு பெண். குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும் ஆண் குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. “பெட்டையா? வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை குட்டி போடும், யார் பார்ப்பது?” என்று சொல்லிப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பெண் குட்டிகளில் ஒன்று ஒரு நாள் மாலை சாலையில் அடிபட்டு இறந்தது. மற்றொன்று மட்டும் கொட்டகையில் மிஞ்சியது.

நாங்கள் பத்துப் பேர் எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டரிடம் ஓடினோம். “சிஸ்டர், எங்களில் ஒருத்தி வீட்டில் இதை வளர்க்கிறோம்” என்றோம். அவர் கணித ஆசிரியை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ஓராண்டுக்கு என்ன செலவாகும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், பிள்ளைகளே. பிறகு பேசலாம்” என்றார்.

அன்றே எழுதிக் கொடுத்தோம். நாளொன்றுக்குப் பால் 20 ரூபாய், ஆண்டுக்கு 7,300 ரூபாய், முடிந்தது! மறுநாள் நோட்டு சிவப்பு மையுடன் திரும்பி வந்தது. அதில் நான்கு கேள்விகள் இருந்தன. பெரிதானால் என்ன தின்னும்? ஊசி எங்கே? நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? இரண்டாம் ஆண்டு எங்கே?

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி அரசு கால்நடை மருத்துவமனைக்கும் கடைத்தெருவுக்கும் சென்று வந்தோம். விலை ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கீழே வரும் விலைகளை நாங்கள் கணக்கிற்காக வைத்துக்கொண்ட மதிப்பு என்றே கொள்ள வேண்டும். அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கிடும் முறை மாறாது.

முதலாவது உணவு. பசும்பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்று மருத்துவர் கூறியபோதே எங்கள் முதல் கணக்கு அடிபட்டுப் போயிற்று. நம் நாட்டு நாய் வளர்ந்தால் ஏறத்தாழ 15 கிலோ எடை இருக்கும். அதற்கு நாளொன்றுக்கு அரிசி 150 கிராம், எலும்பில்லாத கோழிக்கறியும் இரைப்பையும் 150 கிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு முட்டை, கொஞ்சம் பூசணி அல்லது காரட் என்று வைத்தோம். ஆண்டுக்கு அரிசி 55 கிலோ, கிலோ 50 ரூபாய் வீதம் 2,750 ரூபாய். கறி 55 கிலோ, 200 ரூபாய் வீதம் 11,000. முட்டை 180, 6 ரூபாய் வீதம் 1,080. காய்கறி நாளுக்கு 5 ரூபாய் வீதம் 1,825. சோற்றிலும் கறியிலும் சுண்ணாம்புச் சத்து போதாது. அதற்கு மருத்துவர் சொல்லும் சத்துப்பொடி மாதம் 100 ரூபாய் வீதம் 1,200. ஆக உணவுக்கு மட்டும் 17,855 ரூபாய். குட்டியாக இருக்கும்போது குறைவாகத் தின்றாலும், கணக்கை முழுதாகவே எழுதிக்கொள்வது நல்லது.

“வீட்டில் மிஞ்சியதைப் போட்டால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். மிஞ்சுவது எல்லாம் நாய்க்கு ஏற்றதன்று. வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட் நஞ்சாகும். கிறிஸ்துமஸ் கேக்கில் உள்ள உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தையே பழுதாக்கக் கூடும். அன்போடு ஊட்டிய ஒரு துண்டு, மருத்துவச் செலவில் வந்து முடியும்.

இரண்டாவது மருத்துவம். குட்டிகளை மிகுதியாகக் கொல்லும் நோய்களுள் பார்வோ ஒன்று. 1978-ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்ட இந்நோய், ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. இதனையும் வேறு சில நோய்களையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியை, குட்டியின் எட்டாம் வாரம் முதல் நான்கு வார இடைவெளியில் மூன்று முறை போடுவதாகக் கொண்டோம். 600 ரூபாய் வீதம் 1,800. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாத வயதில் ஒன்று, மருத்துவர் குறிக்கும் நாளில் மற்றொன்று. 300 ரூபாய் வீதம் 600. குடற்புழு மருந்து முதலாண்டில் எட்டு முறை, 40 ரூபாய் வீதம் 320. உண்ணிக்கான மருந்து மாதம் 250 ரூபாய் வீதம் 3,000.

இவற்றுள் ஒன்றை மட்டும் எந்த வீட்டிலும் குறைக்கக் கூடாது. அது வெறிநாய்க்கடி ஊசி. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு அளித்த சிகிச்சையே இந்நோய்க்கு எதிரான வெற்றியின் தொடக்கம். நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. ஆயினும் இன்றுவரை, நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பவர் அரிதினும் அரிது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய்க்குப் போடும் 300 ரூபாய் ஊசி நாய்க்காக மட்டுமன்று. அதனோடு விளையாடும் தம்பி தங்கைகளுக்காகவும் தான்.

அடுத்து, “பெட்டை வேண்டாம்” என்றவர்களின் கேள்விக்கு வந்தோம். பெண் நாய் ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். சுமார் 63 நாள் கருவைச் சுமக்கும். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் அந்தக் கவலை அன்றோடு தீர்ந்தது. அதற்கு 5,000 ரூபாய் என்று எழுதினோம். அரசு மருத்துவமனைகளிலும் விலங்கு நலச் சங்கங்களிலும் இதனினும் குறைவாகவே முடியலாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய இச்செலவுக்கு அஞ்சித்தான் எத்தனையோ பெண் குட்டிகள் தெருவில் விடப்படுகின்றன! நோட்டில் இந்த ஒரு வரியை எழுதியபோது, சாலையில் இறந்த குட்டியை நினைத்து நாங்கள் பேசாமல் இருந்தோம்.

மூன்றாவது, நாம் ஊருக்குப் போகும் நாட்கள். கிறிஸ்துமஸுக்கும் கோடை விடுமுறைக்கும் பாட்டி வீட்டிற்குப் போனால் நாயைப் பூட்டிய வீட்டில் விட முடியாது. பார்த்துக்கொள்பவருக்கு நாள் 400 ரூபாய் வீதம் 5 நாளுக்கு 2,000. கழுத்துப் பட்டை, சங்கிலி, கிண்ணம், சோப்பு முதலியவற்றுக்கு 1,500. எதிர்பாராத நோய்க்கு மாதம் 500 ரூபாய் வீதம் தனியே எடுத்து வைத்தால் 6,000. சென்னை போன்ற மாநகரில் உரிமம் பெறுவதற்கான கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாண்டுக் கணக்கு இவ்வாறு அமைந்தது:

உணவு — 17,855 ரூபாய்
தடுப்பூசிகள் — 2,400
குடற்புழு மருந்து — 320
உண்ணி மருந்து — 3,000
அறுவைச் சிகிச்சை — 5,000
பொருள்கள் — 1,500
விடுமுறை நாட்கள் — 2,000
எதிர்பாராத செலவு — 6,000
மொத்தம் — 38,075 ரூபாய்

பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 3,173 ரூபாய். இலவசமாகக் கிடைத்த குட்டியின் உண்மையான விலை இதுதான்.

நான்காவது கேள்வி இரண்டாம் ஆண்டு. அப்போது அறுவைச் சிகிச்சை இல்லை, ஊசிக்கு 900 போதும், பொருள்களுக்கு 700 போதும், மற்றவை அப்படியே. மொத்தம் 30,775 ரூபாய். மாதம் சுமார் 2,565. நன்கு வளர்க்கப்படும் நாய் பன்னிரண்டு ஆண்டும், அதற்கு மேலும் வாழும். பத்தாம் வகுப்பில் குட்டியைத் தூக்கி வருகிறவள் இரண்டே ஆண்டில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். பிறகு கிண்ணத்தில் சோறு வைப்பது யார்? பெரும்பாலும் அம்மா தான். ஆகவே இந்தக் கணக்கில் அம்மாவின் சம்மதமும் ஒரு வரி.

வெளிநாட்டு இன நாய்களை விரும்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலைப் பனியில் துறவியர் வளர்த்த செயின்ட் பெர்னார்டு நாயை நம் சித்திரை வெயிலில் வைத்தால், உணவோடு மின்கட்டணமும் ஏறும், நாயும் துன்பப்படும். எங்கள் தெருவில் ஒரு வீட்டார் பெரும்பணம் கொடுத்து வாங்கிய நாயை, மருத்துவச் செலவு வந்ததும் ஊருக்கு வெளியே விட்டுவிட்டதை நாங்கள் அறிவோம். பட்டினியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கணக்கு முடிந்ததும் பத்துப் பேரும் நோட்டை அவரவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். குட்டிக்குத் தினமும் தன் உணவில் பங்கு வைத்தவள், மறுநாள் கண் கலங்கி, “எங்கள் வீட்டில் இது முடியாது, சிஸ்டர்” என்றாள். சிஸ்டர் அவள் தோளைத் தட்டி, “கணக்குப் பார்த்து முடியாது என்று சொன்னாயே, அதுவும் அந்தக் குட்டிக்குச் செய்த நன்மைதான்” என்றார். வேறொரு தோழியின் பெற்றோர் நோட்டை இரண்டு நாள் வைத்திருந்து, வரிக்கு வரி பார்த்து, சம்மதித்தார்கள். அறுவைச் சிகிச்சைச் செலவை நாங்கள் ஏற்றோம். பத்துப் பேரும் மாதம் 100 ரூபாய் வீதம் ஐந்து மாதம் சேர்த்தோம்.

செப்டம்பரில் குட்டி வீடு சேர்ந்தது. டிசம்பரில் அதற்கு உண்ணியால் காய்ச்சல் கண்டு, சோறு தின்னாமல் படுத்துவிட்டது. இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் 1,850 ரூபாய் ஆயிற்று. மாதம் 500 வீதம் நான்கு மாதம் எடுத்து வைத்த தொகை 2,000. தோழியின் அப்பா எவரிடமும் கடன் கேட்கவில்லை. மீதி 150 ரூபாய் என்று நோட்டில் எழுதினோம். எழுதாமல் விட்டிருந்தால் அந்த வாரம் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் மனம் நடுங்குகிறது.

சென்ற வாரம் அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. “முடியாது” என்று கண் கலங்கியவளே நாள்தோறும் மாலையில் சென்று அதற்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள்.

தோழியரே! குட்டியைத் தூக்குமுன் நோட்டை எடுங்கள். கணக்கு சரிவந்தால் மகிழ்ச்சியோடு தூக்குங்கள். பெட்டை என்று ஒதுக்காதீர்கள். கணக்கு சரிவராவிட்டால் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற வீட்டைத் தேடிக் கொடுங்கள். எங்கள் நோட்டில் இன்னும் பல பக்கங்கள் மீதி இருக்கின்றன.