திரவ ஹீலியமின்றிக் கடுங்குளிர்

பெங்களூரு மாநகரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையையொட்டி அமைந்த பொம்மனஹள்ளியில் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. நகரின் வடபால் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், தனிப் பூஜ்யத்தை, அதாவது சென்டிகிரேடு அளவில் பூஜ்யத்திற்குக் கீழ் 273 டிகிரியை, நெருங்கிய குளிரில் பொருள்களின் இயல்பு ஆராயப்படுகிறது. இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1908ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் என்னும் விஞ்ஞானி ஹீலிய வாயுவை முதன்முதலில் திரவமாக்கினார். அது கொதிக்கும் உஷ்ணநிலை 4.2 கெல்வின். மூன்று ஆண்டுகளுக்குப் பின், அக்குளிரில் பாதரசம் மின்தடையை அறவே இழப்பதை அவர் கண்டார். அன்று முதல் கடுங்குளிர் ஆராய்ச்சிக்குத் திரவ ஹீலியமே ஆதாரமாயிற்று.

ஆனால் இத்திரவம் எளிதில் ஆவியாகிவிடும். 1 வாட் வெப்பம் உட்புகுந்தாலே மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் ஆவியாகும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். அதைத் திரும்பச் சேகரிக்காவிடில் காற்றோடு கலந்து போகும். காவிரிப் படுகையில் குத்தாலத்தில் இயற்கை வாயுவிலிருந்து ஹீலியத்தைப் பிரிக்கும் சோதனை முயற்சி நடந்ததுண்டு. எனினும் நம் நாட்டின் தேவை பெரும்பாலும் இறக்குமதியினாலேயே நிறைவேறுகிறது. வரவு தடைப்படின் ஆராய்ச்சியும் தடைப்படும்.

இதற்கு மாற்றாக அமைந்ததே திரவமில்லாக் குளிர்விப்பு முறை. இதிலும் ஹீலியம் உண்டு. ஆயினும் அது மூடிய குழாய்களுக்குள் வாயுவாகவே சுற்றி வருவதால் செலவாவதில்லை. கம்பிரஸர் வாயுவை அழுத்துகிறது. சுழலும் வால்வு ஒன்று அவ்வழுத்தத்தை வினாடிக்கு ஓரிரு முறை ஏற்றி இறக்குகிறது. அழுத்தம் ஏறும்போது எழும் வெப்பம் வெளியேற்றப்படுகிறது. இறங்கும்போது வாயு விரிந்து குளிர்கிறது. 1960களில் கிஃபோர்டும் லாங்ஸ்வொர்த்தும் உருவாக்கிய துடிப்புக் குழாய் முறையில், குளிர்ந்த பகுதியில் அசையும் உறுப்பு எதுவுமில்லை என்பது தனிச் சிறப்பு. இந்திய விஞ்ஞானக் கழகத்தார் இம்முறையில் இரு படிகள் கொண்ட கருவியை அமைத்துச் சுமார் 3 கெல்வினை எட்டி, அதன் விவரங்களை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

கருவியை வடிவமைப்பதில் வெப்பக் கணக்கே தலையாயது. 4 கெல்வினில் 1 வாட் வெப்பத்தை நீக்கப் பல ஆயிரம் வாட் மின்சாரம் வேண்டும். ஆகையால் வெப்பம் உட்புகும் வழிகளையெல்லாம் அடைத்தல் வேண்டும். கருவி வெற்றிடத்தில் வைக்கப்படும். முதற்படியின் குளிரால் சுமார் 40 கெல்வினில் நிற்கும் உலோகக் கவசம் உள்ளிருப்பதைச் சூழ்ந்திருக்கும். கதிர்வீச்சு உஷ்ணநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே அறையின் 300 கெல்வினுக்குப் பதில் 40 கெல்வினை எதிர்கொள்வதால் அவ்வழி வரும் வெப்பம் 3,000 மடங்கிற்கு மேல் குறைகிறது. தாங்கும் தண்டுகள் மெல்லிய எஃகினாலும், உட்செல்லும் கம்பிகள் வெப்பத்தை எளிதில் கடத்தாத உலோகக் கலவைகளாலும் ஆனவை.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. அழுத்தத் துடிப்பு நுண்ணிய அளவீடுகளைக் குலைக்கக்கூடும். இதற்காகக் குளிர் முனையையும் ஆய்வுப் பொருளையும் நெகிழும் செப்புப் பின்னலால் இணைப்பர். மின்சாரம் நின்றால், திரவத் தொட்டியில் எஞ்சிய ஹீலியம் சில மணி நேரம் குளிரைக் காக்கும். இங்கோ உஷ்ணநிலை விரைவில் ஏறிவிடும். ஆகவே தடையற்ற மின்சாரமும் குளிர் நீரும் இன்றியமையாதவை.

2023ஆம் ஆண்டு மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மின்தடையற்ற சுற்றுகளால் ஆன குவாண்டம் கணிப்பொறிகள் இயங்குவதற்கு 1 கெல்வினிலும் மிகக் குறைந்த உஷ்ணநிலை தேவை. அதற்குரிய கருவிகள் பலவற்றில் முதற்கட்டக் குளிரைத் தருவது துடிப்புக் குழாயே.

ஹீலியத்தை இறக்குமதி செய்வதற்குப் பதிலாகக் குளிர்விக்கும் யந்திரத்தையே இறக்குமதி செய்வோமாயின், சார்ந்திருக்கும் நிலை உருமாறுமேயன்றி ஒழியாது. கசிவற்ற பற்றவைப்பு, நுட்பமாகக் கடைந்த வால்வு, தூய செப்புத் தகடு ஆகியவையே இக்கருவியின் உயிர்நிலைகள். ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த வடிவத்திற்கு உருக்கொடுக்க வல்ல கைகள் பொம்மனஹள்ளி போன்ற இடங்களில்தாம் பழக வேண்டும். விஞ்ஞானியும் தொழிலாளியும் ஒரே வரைபடத்தின் முன் நிற்கும் நாளில்தான் இக்குளிர் நமக்குச் சொந்தமாகும்.