தடம் புரளலும் தண்டவாளம் ஏறலும்

செகந்தராபாத்தை அடுத்த மல்காஜ்கிரியில் வாழும் தமிழ் மக்களுக்கு இரயிலின் ஓசை நாள்தோறும் பழகியதொன்று. மன்மாடு செல்லும் இருப்புப்பாதை அவ்வூர் வழியாகவே செல்கின்றது. அங்குள்ள நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். பல மொழி அறிதல் நன்றே. ஆயினும், ஒரு மொழியின் மரபுத்தொடருக்கு மற்றொரு மொழியின் வழக்கைக் கொண்டு பொருள் காண முற்பட்டால் கருத்து மாறிவிடும். இருப்புப்பாதையைப் பற்றிய இரண்டு தொடர்களைக் கொண்டு இதனை விளக்குவோம்.

ஆங்கிலத்தில் ‘கோ ஆஃப் தி ரெயில்ஸ்’ என்றொரு தொடர் உண்டு. தண்டவாளத்தை விட்டு விலகுதல் என்பது அதன் நேர்ப்பொருள். ஒழுங்காக வாழ்ந்தவன் நடத்தை கெடுதலையும், நன்கு நடந்துவந்த திட்டம் குலைதலையும் அது குறிக்கும். மாட்டு வண்டி பாதையை விட்டு இறங்கினாலும் ஒருவாறு உருண்டு செல்லும். இரயில் வண்டியோ, சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தோடு பொருந்தியிருக்கும் வரையில்தான் ஓடும். ஆதலின் சிறு பிழையை இத்தொடரால் குறிப்பதில்லை; கட்டுமீறிய நிலையையே குறிப்பர். நம் ‘தடம் புரளுதல்’ இதற்கு இணையானது. வண்டிக்கும் மனிதனுக்கும் ஒருங்கே வழங்குவது.

1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டிற்கு இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் தமிழர் பேச்சிலும் இடம்பெற்றது. ‘அவன் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிட்டது’ என்கிறோம். வண்டவாளம் என்பது ஒருவர் மறைக்க விரும்பும் உண்மை நிலை. கன்னடத்தில் ‘பண்டவாள’ என்னும் இனச்சொல் வாணிக முதலைக் குறிக்கும். கைம்முதல் இவ்வளவே என்று ஊரறிய வெளிப்படுவதைப் போன்றது இது.

ஆங்கிலத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்குவது இழுக்கு. தமிழிலோ தண்டவாளத்தில் ஏறுவதே இழுக்கு! ஊரிலிருந்து வந்த பாட்டி இத்தொடரைக் கூறினால், ஆங்கில வழக்கை மட்டும் அறிந்த பேரன், அம்மனிதன் திருந்திவிட்டான் என்றே எண்ணக்கூடும். இருவர் மொழியும் ஒன்றாயிருந்தும் ஒருவர் கருத்து மற்றவரைச் சென்று சேராது.

ஆகவே, வெளி மாநிலங்களில் வாழும் நாம், சொல்லுக்குச் சொல் பொருள் கூறுவதோடு நில்லாமல், ஒரு தொடரை யார், எவ்விடத்தில், என்ன குறிப்போடு கூறுவர் என்பதையும் பிள்ளைகளுக்கு உணர்த்துதல் வேண்டும். இதே கருத்தைத் தெலுங்கில் எங்ஙனம் கூறுவர் என்று அவர்களையே வினவலாம். நாமும் ஒன்று கற்றுக்கொள்வோம்.