வண்டிக்கும் வேண்டும் ஒரு பண்ணைக் குறிப்பேடு

இயற்கை வேளாண்மை என்று கூடினால் மண்ணைப் பேசுகிறோம், விதையைப் பேசுகிறோம், மாட்டைப் பேசுகிறோம், விலையைப் பேசுகிறோம். விளைந்ததை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. நேரடி விற்பனை செய்கிற நம் குழுக்கள் பலவற்றில் கடன் வாங்கிப் போட்ட பெரிய முதல் அந்தப் பிக்கப் வண்டிதான். அது ஒரு வாரம் நின்றால் காய் அழுகும், கீரை வாடும். வாடிக்கையாளரும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்? மாதத் தவணையோ நிற்காது.

எங்கள் குழு தாளவாடிப் பக்கம். 11 குடும்பங்கள். முட்டைக்கோஸ், பீட்ரூட், பீன்ஸ், ராகி எல்லாம் உண்டு. வாரத்துக்கு இரண்டு நடை, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சத்தியமங்கலம் வழியாகக் கோவைக்குக் கொண்டு போகிறோம். வண்டி என் பெயரில். ஓட்டுவதும் நான்தான். வாங்கிய 14-வது மாதத்தில், 31,000 கிலோமீட்டரில், புளியம்பட்டி தாண்டிப் போகும்போது பின் அச்சில் 'கிரவுன்' உடைந்து வண்டி நின்றுவிட்டது. வாரண்டி 3 வருடம். அதனால் கவலையில்லை என்றுதான் நினைத்தோம். சர்வீஸ் சென்டரில் 46,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. எந்த வண்டி வைத்திருந்தாலும் இதே பதில்கள் உங்களுக்கும் வரலாம். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கிரவுன் என்ன வேலை செய்கிறது?

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு கூடு இருக்கும். புத்தகத்தில் அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர், பட்டறையில் கிரவுன் என்பார்கள். எஞ்சினிலிருந்து நீளமாக வருகிற ஷாஃப்ட்டின் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது கூட்டுக்குள் இருக்கும் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைந்து இழுவை கூடுகிறது. பாரம் இழுப்பது இந்தக் கணக்கில்தான்.

இன்னொரு வேலையும் உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயர் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்க டயர் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் டயர் தேயும், அச்சு முறுகும். கிரவுனுக்குள் இருக்கிற ஸ்டார் பினியன்கள் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்கின்றன. 27 வளைவு இறங்குகிற வண்டியில் அதற்கு ஓய்வே இல்லை.

எதனால் போகிறது?

*ஆயில்.* இந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அதனால் சாதாரண எஞ்சின் ஆயில் தாங்காது. புத்தகத்தில் எந்த நம்பர், எந்த ரகம் என்று போட்டிருக்கிறதோ, பெரும்பாலும் ஜிஎல்-5 ரகம், அதைத்தான் ஊற்ற வேண்டும். அளவு குறைந்தால் முதலில் சூடேறுவது பினியன் பேரிங். அது ஆட ஆரம்பித்தால் பல் சரியாகப் பொருந்தாது. பிறகு பல் போகும்.

*தண்ணீர்.* கூட்டின்மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூட்டில் காற்று விரிந்து ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும். சூடாக இருக்கிற அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

*சேறு.* காட்டுக்குள் ஏற்றும்போது ஒரு டயர் மட்டும் சேற்றில் சுழலும். நாம் ஆக்சிலரேட்டரை மிதிப்போம். அப்போது ஸ்டார் பினியன்கள் பழக்கமில்லாத வேகத்தில் சுற்றி, ஆயில் படலம் அறுந்து, ஊசியோடு கடித்துக்கொள்ளும். மிதிக்காதீர்கள். பாரத்தை இறக்கி, டயருக்கடியில் கல்லோ தென்னை மட்டையோ போட்டு மெதுவாக எடுங்கள். பின்பக்கம் இரண்டு டயரும் ஒரே அளவாக இருப்பதும் முக்கியம்.

*அதிக பாரம்.* இது உண்மையான காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றலாம். ஓட்டுநர், கூட வருகிறவர் எடையும் அதற்குள் அடக்கம்.

*பொருத்திய விதம்.* கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடுகிற இடைவெளி பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள்தான். டயல் கேஜ் வைத்து அளந்து பொருத்த வேண்டும். தொழிற்சாலையிலோ பட்டறையிலோ அது தப்பினால், பாரமே ஏற்றாவிட்டாலும் ஒருநாள் சத்தம் வரும்.

அந்தச் சத்தத்துக்குக் காது கொடுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் ஒரு பக்கம். காலை எடுத்து வண்டி இறக்கத்தில் ஓடும்போது ஊளையிட்டால் மறுபக்கம். எப்போதும் உறுமல் என்றால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். வளைவில் மட்டும் சத்தம் என்றால் ஸ்டார் பினியன் அல்லது சக்கரப் பேரிங். கிளம்பும்போது 'டக்' என்று அடித்தால் ஷாஃப்ட் ஜாயின்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வண்டிக்கு நடந்தது

இரண்டாவது சர்வீஸின்போதே பினியன் பக்கம் ஆயில் கசிவைக் காட்டினேன். "அது சும்மா வேர்க்கறதுங்க, ஒண்ணும் ஆகாது" என்று துடைத்துவிட்டு ஆயிலை நிரப்பி அனுப்பினார்கள். நான் விடவில்லை. ஜாப் கார்டில் 'பின் அச்சில் ஆயில் கசிவு' என்று எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொண்டேன். அடுத்த சர்வீஸிலும் அதே கசிவு, அதே பதில். மறுபடியும் எழுத வைத்தேன். சீல் மாற்றவே இல்லை. அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் கிரவுன் போச்சு. வண்டியில் அன்றைக்கு 1,100 கிலோ காய். வேறு வண்டி பிடித்து மாற்றுவதற்குள் வெயில் ஏறி, பீன்ஸில் பாதி வாடிப்போயிற்று.

வண்டியைச் சர்வீஸ் சென்டரில் இறக்கியதும் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்குத்தான் போன் போட்டேன். 30 வருடமாக லாரி பார்க்கிறவர்.

"அண்ணா, இவங்க கழட்டப் போறாங்க. என்னங்ணா பண்றது?"

"தம்பி, கூட்டைப் பிரிக்கறப்ப நீ பக்கத்துலயே நில்லு. ஆயில் எவ்வளவு வடியுது, என்ன நெறம், எல்லாம் அளந்து போட்டோ எடுத்துக்கோ. ஒடஞ்ச சாமானை ஒண்ணு விடாம போட்டோ புடி. அது உன்ற சாமான். எங்க அனுப்பறாங்கன்னு எழுதி வாங்காம குடுத்துறாத."

அவர் சொன்னபடியே நின்றேன். கால் லிட்டர்கூட வடியவில்லை. பினியன் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. உடைந்த பல்லைக் காட்டியபோது அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: ஒரே அடியில் உடைந்த பல் முழுக்கக் கரடுமுரடாக இருக்கும், நாள்பட விரிசல் விட்டு உடைந்ததில் ஒரு பகுதி வழவழப்பாக, மணலில் அலை போட்ட கோடு மாதிரி தெரியும். எங்கள் பல்லில் அலைக்கோடுதான் இருந்தது.

பதில்கள் வரிசையாக வந்தன.

"ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க சார். வாரண்டி வராது." இரண்டு ஜாப் கார்டையும் எடுத்து வைத்தேன். கசிவைச் சொன்னது நான், சரிசெய்யாதது அவர்கள்.

"அப்ப ஓவர்லோடா இருக்கும். காய்கறி வண்டின்னா அப்படித்தான்." இங்கேதான் நம் இயற்கை விவசாயப் பழக்கம் கைகொடுத்தது. பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்காக எங்கள் குழுவில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். எந்தத் தேதியில் யார் வீட்டிலிருந்து எத்தனை கிலோ என்ன காய் ஏறியது என்று அறுவடைப் பதிவேட்டில் இருக்கிறது. 118 நடையும் கூட்டிப் பார்த்தோம். ஒரு நடைகூட 1,300 கிலோ தாண்டவில்லை. வண்டிக்கு அனுமதி அதற்கும் மேலே. சில நடைகளுக்கு எடை மேடை ரசீதும் பின் அடித்து வைத்திருந்தோம்.

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய பதில். "மஞ்சள் போர்டு வண்டி சார். நீங்க நுகர்வோர் கிடையாது. எங்க வேணா போங்க."

மஞ்சள் போர்டும் சட்டமும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. இதை முந்தைய சட்டத்தின் கீழ் 1995-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் – பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கு அது. இயந்திரம் வாங்கிய நிறுவனம் அந்த வழக்கில் தோற்றது. ஆனாலும் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில், விதை வாங்கிய உழவரும் நுகர்வோர்தான் என்று அதே நீதிமன்றம் சொன்னது நமக்குத் தெரிந்த செய்தி. பத்து வண்டி வைத்து ஓட்டுநர் போட்டு வாடகைக்கு விடுகிறவருக்கு இது பொருந்தாது. தன் காட்டு விளைச்சலைத் தானே ஓட்டிப் போகிறவர் தைரியமாகக் கேட்கலாம்.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்தில் போடலாம். பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

நான் டீலருக்கும் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்பினேன். ஜாப் கார்டு, பதிவேடு, போட்டோ எல்லாவற்றின் நகலும் உள்ளே. 15 நாள் கெடு. 9-வது நாள், "நல்லெண்ண அடிப்படையில்" வாரண்டியில் செய்து தருவதாகப் பதில் வந்தது. கிரவுன், பினியன், பேரிங், சீல் எல்லாம் புதிது. 46,000 ரூபாய் மிச்சம்.

ஆனால் வண்டி நின்றது 23 நாள். அதற்குள் 7 நடை வாடகை வண்டி, நடைக்கு 5,500 என்று 38,500 ரூபாய் 11 குடும்பத்தின் கையிலிருந்து போனது. வாடிய பீன்ஸ் தனி. இதைக் கேட்டால் வாரண்டியில் அதற்கு இடமில்லை என்கிறார்கள். சீல் மாற்றாமல் அனுப்பியது சேவைக் குறைபாடு, அதற்கு இழப்பீடு வேண்டும் என்று மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கக் குழுக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம். நல்லெண்ணம் என்று அவர்கள் சொன்னது நாம் வண்டி விலையிலேயே கொடுத்துவிட்ட காசு. அதைத் தருமமாக வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

வண்டி வைத்திருக்கிற குழுக்கள் செய்ய வேண்டியவை

வண்டிக்கென்று ஒரு தனி நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், ஏற்றிய எடை, ஊற்றிய ஆயில், கேட்ட சத்தம் எல்லாம் அதில் ஏற வேண்டும்.

வாரண்டிப் புத்தகத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, எல்லாரும் கேளுங்கள். எது சேரும், எது சேராது, எத்தனை கிலோமீட்டருக்கு எந்த சர்வீஸ் என்று முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

புகாரை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே, தமிழிலேயே எழுத வையுங்கள். நகல் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள். பினியன் சீல், சக்கரத்தின் உள்பக்கம், பிரீதர். சக்கரப் பக்கம் ஆயில் கசிந்தால் பிரேக் லைனிங்கை நனைக்கும். மலைப்பாதையில் அது உயிருக்கே ஆபத்து.

ஆயில் மாற்றும்போது வடிகால் போல்ட்டைப் பாருங்கள். காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருப்பது சகஜம். துண்டு துண்டாக இரும்பு இருந்தால் உடனே கூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

கிரவுன் மாற்றினால் கிரவுன், பினியன் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய சாமானுக்கு எத்தனை மாதம் வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

உள்ளூர்ப் பட்டறைக்காரரை விட்டுவிடாதீர்கள். வாரண்டி முடிந்த பிறகு வண்டி அவரிடம்தான் போகப்போகிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் பண்ணைக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் உண்டு. கையேடும் உதிரிப் பாகமும் ஊர்ப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று நம் இயக்கமும் கேட்க வேண்டும். விதையை நாமே வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிற நமக்கு இந்தக் கோரிக்கை புதிதில்லை.

எங்கள் நோட்டின் மாதிரிப் பக்கம் வேண்டுகிற குழுக்கள் இதழ் முகவரிக்கு எழுதினால் அனுப்பி வைக்கிறோம். ஆணையத்தில் என்ன ஆனது என்பதையும் தீர்ப்பு வந்ததும் எழுதுகிறேன்.