உறைபனி நாடுகளில் மாதுளை

மாதுளையை வெப்பநாட்டுப் பழம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பிறந்த மண்ணை நோக்கினால் இக்கருத்துப் பாதிதான் உண்மை என்பது விளங்கும். ஈரான், அதன் வடக்கே துருக்மேனிஸ்தானின் எல்லையில் உள்ள கோபெத் தாக் மலைத்தொடர், மேற்கு இமயத்தின் சரிவுகள் ஆகிய இடங்களில் மாதுளை இன்றும் காட்டுச் செடியாக வளர்கிறது. அங்கெல்லாம் கோடை அனலாய்க் காயும். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். நம் ஊரில் ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் இச்செடி, அங்கே இலைகளை அறவே உதிர்த்துவிட்டு உறங்குகிறது. அவ்வுறக்கமே அதற்குக் கவசம்.

கவசத்திற்கும் எல்லை உண்டு. பொதுவான வகைகள் சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 11 அல்லது 12 டிகிரி சென்டிகிரேடு வரை தாங்கும். குளிர்தாங்கும் வகைகள் எனப் பெயர் பெற்றவை மேலும் மூன்று நான்கு டிகிரி தாங்குகின்றன. இச்சிறு வேறுபாட்டிற்காகவா இத்தனை பாடு என்று கேட்கத் தோன்றும். ஆனால் மாதுளையின் இயல்பு அப்படி. அது எளிதில் சாவதில்லை. தண்டுகள் கருகிப் போனாலும் வசந்தத்தில் வேரிலிருந்து புதுத்துளிர் கிளம்பும், வளர்த்தவர் மகிழ்வார். அத்துளிர் பூத்துக் காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகளாகும். அதற்குள் இன்னொரு கடுங்குளிர் வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வாறு ஆண்டுதோறும் தழைத்து, ஒருமுறையும் காய்க்காத செடிகள் குளிர்நாட்டுத் தோட்டங்களில் உண்டு. எனவே அங்குள்ளோரின் கவலை வேரைப் பற்றியதன்று, தண்டைப் பற்றியது.

உஸ்பெகிஸ்தானின் பெர்கானாப் பள்ளத்தாக்கு மாதுளைக்குப் புகழ் பெற்றது. அங்குள்ள உழவர் கையாளும் முறை விந்தையானது. பழம் பறித்த பின்னர், தண்டுகளைத் தரையோடு தரையாக வளைத்து, மேலே மண்ணைக் குவித்து மூடிவிடுகின்றனர். தோட்டம் முழுவதும் மண்மேடுகளாகவே காட்சியளிக்கும்! வசந்தத்தில் மண்ணை அகற்றிச் செடிகளை நிமிர்த்துகின்றனர். வளைக்கும்போது முறியாதிருக்கும் பொருட்டு, ஒற்றை அடிமரமாக விடாமல் பல தண்டுகள் கொண்ட புதராகவே வளர்க்கின்றனர். ஒரு தண்டு போனாலும் மற்றவை நிற்கும் என்பது இதனால் விளையும் மற்றொரு நன்மை.

குளிரின் கடுமையைவிட அது வரும் வேளை பெருந்தீங்கு செய்வதுண்டு. 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வழக்கத்தை மீறிய வெப்பம் நிலவிற்று. மரங்கள் முன்னதாகவே துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி திரும்பி வந்து, பழப்பயிர்களைப் பாழாக்கியது. நடுக்குளிர்காலத்தில் வந்திருந்தால் அதே குளிரை அம்மரங்கள் பொருட்படுத்தியிரா.

ஆகவே வீட்டுத் தோட்டத்தில் மாதுளையை உரிய காலத்தில் உறங்க வைப்பதும், முந்தி விழிக்காமல் பார்த்துக்கொள்வதுமே முறை. கோடையின் நடுப்பகுதிக்குப் பின் தழைச்சத்து உரம் இடலாகாது. இட்டால் இளந்தளிர்கள் முற்றாமலே குளிரில் அகப்படும். இலையுதிர் காலத்தில் நீரையும் குறைக்க வேண்டும். பள்ளத்தில் குளிர்ந்த காற்று தேங்குமாதலால், சற்று மேடான, நீர் தேங்காத இடமே நன்று. தெற்கு நோக்கிய சுவரோரம் கிடைத்தால் மிகவும் நலம். அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்து, மேலே வைக்கோலும் சாக்கும் சுற்றலாம். பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவோர் உளர். பகல் வெயிலில் அது உட்புறத்தைச் சூடாக்கிச் செடியை எழுப்பிவிடும். தொட்டிச் செடியைக் கணப்பில்லாத கொட்டகையில் வைக்கலாம். கணப்புள்ள கூடத்தில் வைத்தலாகாது. கோடை வெப்பமும் வேண்டும். இங்கிலாந்தில் சுவரோரம் மாதுளை அழகாகப் பூக்கிறது. வெப்பம் போதாமையால் பழம் முதிர்வது அரிது.

நாற்றுக்கு விதையை நம்ப வேண்டா. தாயின் குணம் வராது. குளிர்காலம் முடியும் தறுவாயில் எடுத்த, பென்சில் பருமனுள்ள ஒரு சாண் போத்தே போதும். ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் வளர்வதால், தண்டு கருகினாலும் மீண்டும் துளிர்ப்பது அதே வகையாக இருக்கும்.

இப்போத்துகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. கோபெத் தாக் மலையடிவாரத்தில், கர்ரிகலா என்னும் ஊரிலிருந்த சோவியத் ஆய்வு நிலையத்தில், கிரிகரி லெவின் என்ற தாவரவியலார் சுமார் நாற்பதாண்டுகள் உழைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதுளை வகைகளைத் திரட்டினார். 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபின் நிலையம் நலிவுற்றது. அவரும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. நல்வினையாக, அங்கிருந்து போத்துகள் முன்னரே கலிபோர்னியாவிலுள்ள டேவிஸ் நகருக்குச் சென்றிருந்தன. குளிர்தாங்கும் சலவாட்ஸ்கியும், சுவைக்குப் பெயர் பெற்ற பர்ஃபியாங்காவும் அவ்வழி வந்தவையே. இன்று அமெரிக்காவில் பலர் வீட்டு முற்றத்தில் அவற்றை வளர்க்கின்றனர்.

வசந்தத்தில் அவர்களுக்குப் பொறுமை மிகவும் வேண்டும். மற்ற மரங்கள் தழைத்த பின்னரும் மாதுளை வெறுங்குச்சியாக நிற்கும். பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் தண்டு உயிரோடிருக்கிறது. அதுவரை கத்தரிக்கோலை எடுத்தலாகாது.