மகுடத்திற்கு முன் மறைவான ஒரு சடங்கு

முடிசூட்டு விழா என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது மணிகள் பதித்த மகுடமே ஆகும். ஆயினும், இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவில் மகுடத்தினும் புனிதமாகப் போற்றப்படுவது வேறொன்று உண்டு. அதுவே மன்னருக்குத் திருத்தைலம் பூசும் அபிஷேகம்.

இவ்வழக்கத்தின் வேர் விவிலியத்தில் உள்ளது. சாதோக் என்னும் குருவும் நாத்தான் என்னும் இறைவாக்கினரும் சாலமோனுக்கு அபிஷேகம் செய்வித்த வரலாறு அதில் கூறப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 973ஆம் ஆண்டு பாத் நகரில் எட்கர் மன்னருக்குப் பேராயர் டன்ஸ்டன் அபிஷேகம் செய்தார். இன்றைய சடங்கும் அம்முறையை அடியொற்றியதே.

மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழா 2023ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடைபெற்றது. அதற்குரிய தைலம் ஜெருசலேமில் உள்ள ஒலிவ மலையில் விளைந்த கனிகளிலிருந்து பிழியப்பட்டது. எள், ரோசா, மல்லிகை, இலவங்கப்பட்டை, சாம்பிராணி முதலியவற்றின் நறுமணச் சாறுகள் அதில் கலக்கப்பட்டன. பின்னர் அது ஜெருசலேமின் திருக்கல்லறைக் கோவிலில் புனிதப்படுத்தப்பட்டது.

தைலத்தை வைக்கும் கலம் பொன்னாலான கழுகு வடிவுடையது, 1661இல் செய்யப்பட்டது. அதனுடன் பயன்படும் கரண்டியோ 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1649இல் முதலாம் சார்லஸ் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டபின் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. அரச அணிகலன்கள் பல உருக்கப்பட்டன. அரண்மனைப் பொருள்களைப் பராமரித்துவந்த கிளமென்ட் கின்னர்ஸ்லி என்பவர் இக்கரண்டியை 16 ஷில்லிங் கொடுத்து வாங்கினார். முடியாட்சி மீண்டபோது அதனை இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் திருப்பி அளித்தார். ஒருவர் காத்து வைத்ததனால் அப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது.

இனிச் சடங்கைக் காண்போம். மன்னர் தம் ஆடம்பர மேலாடையைக் களைந்து, எளிய வெண்ணிறச் சட்டையுடன் பழமையான அரியணையில் அமர்கிறார். அவரைச் சுற்றித் திரைகள் நிறுத்தப்படுகின்றன. கழுகின் அலகு வழியே கரண்டியில் வார்க்கப்படும் தைலத்தைக் கேன்டர்பரிப் பேராயர் மன்னரின் கைகளிலும் மார்பிலும் தலையிலும் பூசுகிறார். 1727இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் விழாவிற்காக ஹேண்டல் இசையமைத்த பாடல் அவ்வேளை ஒலிக்கிறது. 1953இல் எலிசபெத் அரசியாருக்கு நடந்தபோதும், 2023இலும், அக்காட்சி தொலைக்காட்சியில் காட்டப்படவில்லை. அது இறைவனுக்கும் மன்னருக்கும் மட்டுமே உரிய நேரம் என்பது கருத்து.

2023இல் நிறுத்தப்பட்ட திரையில் ஒரு மரம் பூத்தையல் செய்யப்பட்டிருந்தது. அதன் இலைகளில் காமன்வெல்த் நாடுகள் 56இன் பெயர்களும் இருந்தன. நம் மலேசியாவின் பெயரும் அவற்றுள் ஒன்று.

சட்டப்படி, தாயார் மறைந்த 2022 செப்டம்பர் 8ஆம் நாளே சார்லஸ் மன்னராகிவிட்டார். ஆகவே, அபிஷேகம் அவருக்கு அதிகாரத்தை அளிப்பதன்று. அவரைத் தொண்டுக்கு அர்ப்பணிப்பதாகும். அதனாலன்றோ மகுடம் சூடுமுன் மேலாடையைக் களைய வேண்டியுள்ளது!

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் ஆசிரியராகலாம், மருத்துவராகலாம், தலைவராகலாம். எப்பதவி வரினும், பெருமை வருமுன் பணிவு வரவேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.